எஸ்.எச் 15-ஆ, சத்தி ரோடா? வரைபடத்தில் சாலைப் பெயர்களோடு சில வருடங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்தத் தகவலை வைத்து, இணையம் இல்லாமலே வழி சொல்லும் செயலி ஒன்றைச் சில வருடங்களாகக் காரிலும் பைக்கிலும் பயன்படுத்துகிறேன். கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்) பக்கத்துச் சாலைகளை நேரம் கிடைக்கும்போது நானே திருத்தியும் வருகிறேன். நான் தட்டச்சு செய்த பெயரைச் சில வாரம் கழித்து வண்டி ஓட்டும்போது நானே காதால் கேட்கிறேன். மாநில நெடுஞ்சாலைக்கு (எஸ்.எச்) எந்த மாதிரி பெயர் கொடுத்தால் கேட்கச் சரியாக இருக்கிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண் எண்ணுக்கான கட்டத்தில் இருக்க வேண்டும், பெயர் பெயருக்கான கட்டத்தில். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு: எண்ணுக்கு 'ரெஃப்', பெயருக்கு 'நேம்'. ஆனாலும் பெயர் தெரியாத சாலையைக் காலியாக விடப் பலருக்கு மனசு வராது. பெயர்க் கட்டத்தில் 'ஸ்டேட் ஹைவே 15' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திரையில் பார்த்தால் தப்பாகத் தெரியாது. குரலில்தான் வண்டவாளம் வெளியே வரும். "ஐந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பி, எஸ் எச் பதினைந்து, ஸ்டேட் ஹைவே பதினைந்தில் செல்லவும்." ஒரே விஷயம் இரண்டு தடவை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஐந்து நொடி கூடுதலாகப் பேசினால் நூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறோம். பெயர் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். எண் மட்டும் இருந்தால் குரல் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

அடுத்தது எண்ணை எழுதும் விதம். முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் சின்னக் கோடு போடுவார்கள், சிலர் முழுதாக விரித்து எழுதுவார்கள். இந்தியச் சாலைகளுக்கு இப்போதுள்ள வழக்கம் இடைவெளி இல்லாமல் 'SH15' என்று சேர்த்து எழுதுவது. எனக்கு அது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. என் போனில் இருந்த தமிழ்க் குரல் சேர்த்து எழுதியதை ஒரே சொல்லாக நினைத்து 'ஷ்' என்று ஊதிவிட்டு எண்ணுக்குப் போகும். இடைவெளி விட்டுப் பார்த்தால் ஒழுங்காகப் படித்தது. அதற்காக வரைபடம் முழுக்க இடைவெளி சேர்க்கக் கிளம்பலாமா? கூடாது. திரையில் அழகாகத் தெரிவதற்காகத் தகவலை வளைக்காதே என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய விதி. காதுக்கும் அதே நியாயம்தான். குரலைத் திருத்தும் வேலை செயலியுடையது. குரல் இயந்திரத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது. சேர்த்து எழுதும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். தேடும்போது சாலையின் எல்லாத் துண்டுகளும் ஒன்றாகக் கிடைக்கின்றன, அது பெரிய நன்மை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது.

எஸ்.எச் 15 ஈரோட்டில் தொடங்கி கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக உதகை போகிறது. ஈரோட்டில் அதற்குப் பெயர் சத்தி ரோடு. கோபியிலும் மேற்கே போகும் பகுதி சத்தி ரோடு. சத்தியில் போய் நின்றால் அதே தார்ச்சாலை கோபி ரோடு ஆகிவிடும். இது போதாதென்று கோயம்புத்தூரிலும் ஒரு சத்தி ரோடு உண்டு. கணபதி, சரவணம்பட்டி, அன்னூர் வழியாக வரும் அது தேசிய நெடுஞ்சாலை, என்.எச் 948, பழைய கணக்கில் என்.எச் 209. சத்தியமங்கலத்தை நோக்கிப் போகும் எல்லாமே சத்தி ரோடுதான், உள்ளூர்க்காரருக்கு இதில் குழப்பமே கிடையாது. வெளியூர்க்காரருக்கு வெறும் 'சத்தி ரோடு' போதாது, எண்ணும் வேண்டும்.

செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரை போகும் எஸ்.எச் 58. செங்கல்பட்டில் நின்று கிழக்கே பார்த்தால் திருக்கழுக்குன்றம் ரோடு, மேற்கே காஞ்சிபுரம் ரோடு. காஞ்சிபுரம் போனால் செங்கல்பட்டு ரோடு. ஒரு முழு நெடுஞ்சாலைக்கும் ஒரே பெயர் கொடுக்க நினைப்பவர் யாராக இருந்தாலும் ஒருமுறை அந்தப் பக்கம் போய் டீக்கடையில் வழி கேட்டுப் பார்க்கலாம்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். முழு வழிக்கும் ஒரு 'ரிலேஷன்', அதாவது துண்டுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டும் பதிவு. மாநில நெடுஞ்சாலை என்ற அடையாளமும் எண்ணும் அதில் இருக்கும். ஊருக்குள் இருக்கும் துண்டுக்கு ஊரார் சொல்லும் பெயர். இரண்டு ஊருக்கு நடுவில் பலகையில் 'செங்கல்பட்டு – காஞ்சிபுரம் சாலை' என்கிற மாதிரி இருந்தால் அது, இல்லாவிட்டால் காலி. இதுவரை இந்த முறை என்னைக் காலை வாரவில்லை.

எண் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண் மாறியது. சென்னையிலிருந்து திருச்சி போகும் பழைய என்.எச் 45 இப்போது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அப்புறம் 38. ஸ்டீயரிங்கை அசைக்காமல் நேராகப் போகிறோம், குரல் மட்டும் நெடுஞ்சாலை மாறச் சொல்கிறது. முதல் தடவை கேட்டபோது எங்கோ பிரிந்து போகச் சொல்கிறது என்று என் மச்சான் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார். கடைப் பலகைகளிலும் மண்டப அழைப்பிதழ்களிலும் இன்னும் என்.எச் 45-தான் இருக்கிறது. மாநிலச் சாலைகளும் இதற்குத் தப்பவில்லை: எஸ்.எச் 49-ஆக இருந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள பகுதி என்.எச் 332ஏ ஆகிவிட்டது. பழைய எண்ணை அழிக்காமல் 'பழைய எண்' கட்டத்துக்கு நகர்த்துங்கள். தேடினால் கிடைக்கும், குரல் அதைப் படிக்காது.

ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை) அரசுப் பெயர் ராஜீவ் காந்தி சாலை, எண் எஸ்.எச் 49ஏ. நான் சென்னையில் ஓட்டும்போது குரல் 'ஓஎம்ஆர்' என்றால் போதும். மற்ற இரண்டும் பதிவில் இருக்கட்டும்.

தமிழ்க் குரல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தமிழ்ப் பெயர்க் கட்டம். அது காலியாக இருந்தால் ஆங்கில எழுத்தைத் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். குடும்பத்தோடு பண்ணாரி போகும்போது, "அடுத்து சாதி ரோட்டில் திரும்பவும்" என்றது குரல். பின்சீட்டில் சித்தப்பா, "இவனுக்கும் தெரிஞ்சுபோச்சா!" என்றார். அன்று இரவே அந்தத் துண்டு முழுக்கத் தமிழில் 'சத்தி ரோடு' என்று போட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. குரல் சொல்லும் எண்ணைச் சாலையில் எங்கே சரிபார்ப்பது? தேசிய நெடுஞ்சாலையில் பெரிய பலகையில் எண் கண்ணில் படும். எங்கள் பக்க மாநிலச் சாலைகளில் பச்சைத் தலை கிலோமீட்டர் கல்லைத்தான் தேட வேண்டும், அதுவும் பாதி இடத்தில் புல்லுக்குள் இருக்கும். பலகையில் பளிச்சென்று இருப்பது ஊர்ப் பெயர். ஆகவே இப்போது சந்திப்புகளில் 'போகும் ஊர்' கட்டத்தை நிரப்பி வருகிறேன். இரு திசைக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். எல்லாச் செயலியும் அதைப் படிப்பதில்லை. படிக்கும் செயலியில் "வலதுபுறம் திரும்பவும், எஸ் எச் பதினைந்து, சத்தியமங்கலம் நோக்கி" என்று வரும்போது பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பலாம். கோபியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை முடித்துவிட்டேன். கோத்தகிரி மலைப்பாதை மிச்சம். அங்கே திரும்புவதற்கு வேறு வழிகள் குறைவு என்பதால் அவசரம் ஒன்றுமில்லை.