சேலத்துல வளர்ப்பு ஆட்டுக்கு வைத்தியம்: நாமக்கல் கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி

சேலத்துல நாய், பூனைக்கு நிறைய கிளினிக் வந்துடுச்சு, ஆட்டைக் கூட்டிட்டுப் போனாத்தான் தொட ஆள் இல்ல. எங்க கருப்பன் காயடிச்ச கிடா, சேலம் கருப்பு ஜாதி, வீட்டுப் பிள்ளையா வளர்ந்தவன். திடீர்னு முக்கி முக்கி நிக்கிறான், தீனி தொடல, கத்துறான், பார்த்தவங்க எல்லாம் மலச்சிக்கல்னு சொல்லி விளக்கெண்ணெய் குடுக்கச் சொன்னாங்க. ஒரு பெட் கிளினிக்ல ஆடு பாக்குறதில்லன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க, அங்க நின்ன ஒருத்தர் பேசாம கறிக்கடைக்குக் குடுத்துடுங்கன்னாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க.

எங்க ஏரியா அரசு கால்நடை மருந்தக டாக்டர்தான் அடிவயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, இது மலச்சிக்கல் இல்லம்மா, மூத்திரம் அடைச்சிருக்கு, விட்டா மூத்திரப்பையே வெடிச்சுடும், உடனே நாமக்கல் போங்கன்னாரு. குட்டியானைல வைக்கோல் போட்டு ஏத்திட்டுப் போனோம்.

1985ல இருந்து இருக்கிற காலேஜ், ஆடு மாடு பாக்குறது அவங்களுக்கு அன்றாட வேலை. ஸ்கேன் எடுத்தாங்க, கிடாவோட குறி நுனியில புழு மாதிரி சன்னமா ஒரு குழாய் நீட்டிட்டு இருக்கும், மூத்திரக் கல்லு முதல்ல அங்கதான் சிக்குமாம், அந்த நுனியை மட்டும் வெட்டி விட்டாங்க, மூத்திரம் வந்துச்சு பாருங்க, எனக்கு உயிரே வந்துச்சு! கல்லு இன்னும் உள்ள தள்ளி நின்னிருந்தா ஆபரேஷன்தான்னு சொன்னாங்க. ரொம்ப சின்னக் குட்டியில காயடிச்சா மூத்திரக் குழாய் பெருசாகாம போயிடும், தவிடும் தானியமும் அதிகமானா பாஸ்பரஸ் ஏறி கல்லு கட்டும், அதனால தழையும் காய்ஞ்ச தீவனமும்தான் மெயின், தண்ணி எப்பவும் இருக்கணும்னு அந்தம்மா டாக்டர் பொறுமையா விளக்குனாங்க. ஒரு தடவைகூட இந்த ஆடு என்ன விலை போகும்னு கேக்கல, அதுக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

காலையிலேயே போயிடுங்க, லோக்கல் டாக்டர் எழுதின சீட்டும் கையில இருக்கட்டும். ஏற்காடு மலை கிராமங்கள்ல இருந்து ஆட்டை இறக்கிட்டு வர முடியாதவங்க 1962க்கு போன் பண்ணுங்க, அது கால்நடைக்கான அரசு ஆம்புலன்ஸ், காசு இல்ல. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி எப்ப போடுவாங்கன்னு உங்க ஊர் மருந்தகத்துலயே கேட்டு வச்சுக்கோங்க, அதுக்கெல்லாம் நாமக்கல் வரைக்கும் அலைய வேண்டாம்.