டூம் ஆஃப் டிராகுலா: எந்தத் தொகுப்பை வாங்கலாம்?

காட்டேரிகளைத் தடுத்துவைத்திருந்த அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை விதிகள் 1971இல் தளர்ந்தன. மறு ஆண்டே மார்வெல் தொடங்கிய இந்த காமிக்ஸ் தொடர் (The Tomb of Dracula) 1979 வரை 70 இதழ்கள் ஓடியது. எழுபதுக்கும் பென்சில் ஓவியம் ஜீன் கோலன்தான். 7ஆம் இதழில் மார்வ் உல்ஃப்மேன் எழுத வந்த பிறகே கதை நிமிர்கிறது; முதல் ஆறைப் பொறுமையாகக் கடக்க வேண்டும். மரக்கத்திகளோடு காட்டேரி வேட்டைக்காரன் பிளேடு அறிமுகமாவது 10ஆம் இதழில். சக்கர நாற்காலியில் குவின்சி ஹார்க்கர், குறுக்குவில்லோடு ரேச்சல் வான் ஹெல்சிங் என்று வேட்டைக்காரர் கூட்டமே உண்டு. இருந்தும் டிராகுலாதான் எல்லாரையும் விழுங்கிவிடுகிறான்!

மலிவானது கறுப்பு வெள்ளை 'எசென்ஷியல்' வரிசை. முதல் மூன்று பாகங்களில் 70 இதழ்களும் அடங்கிவிடும். கோலனின் நிழல்களும் அவற்றின்மேல் டாம் பாமர் தீட்டிய மையும் வண்ணமின்றி இன்னும் அழகு என்பேன். குறை, தாள். மட்டரகம், ஈரக்காற்றில் சீக்கிரம் பழுக்கும். இப்போது பழைய பிரதிதான் கிடைக்கும்; வாங்கும்போது புத்தக முதுகின் பசை விட்டிருக்கிறதா என்று நடுப்பக்கத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்ணம் வேண்டுமென்றால் கெட்டி அட்டை 'ஆம்னிபஸ்'. படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம். வழவழப்பான தாளில் பழைய வண்ணங்கள் கொஞ்சம் கத்துகின்றன. அலமாரியில் சாய்த்து வைக்காதீர்கள், தாள்கட்டின் பாரத்தில் முதுகு கோணிவிடும்.

உதிரி இதழ்களாகச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 44ஆம் இதழின் கதை மார்வெலின் இன்னொரு தொடரான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' 14ஆம் இதழில் தொடர்கிறது. அது இல்லாமல் கதை பாதியில் நிற்கும்.