லண்டனில் ரேடியேட்டர், வெள்ளவத்தையில் பற்றரி அலாரம்: மூன்று குளிர்கால அனுபவம்

போன கிழமை லிஃப்டுக்குள் நாலாம் மாடி அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மகன் லண்டன் ஹரோவில வீடு வாங்கியிருக்கிறான். ரேடியேட்டரில பூட்டுற அந்த ஸ்மார்ட் சாமான் இப்ப விலை இறங்கியிருக்காம். நீர்தானே அக்கா வீட்டில பூட்டினனீர். நல்லதோ?" நான் "நல்லதுதான் அங்கிள், ஆனா..." என்று தொடங்கினேன். லிஃப்ட் கீழே வந்து, வாசலும் வந்து, அவருடைய ஓட்டோவும் வந்துவிட்டது. அந்த 'ஆனா' மட்டும் முடியவில்லை. மிச்சத்தை எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினேன்.

அங்கிள் சொன்ன சாமான் ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு. சுடுதண்ணி ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோரத்து இரும்புதான் ரேடியேட்டர், அதற்குள் தண்ணி போவதைப் போன் ஆப்பில் போட்ட நேரப்படி திறந்து மூடுவது இந்த வால்வு. கம்பனிப் பெயர் வேண்டாம். அங்கே கடைகளில் கிடைக்கும் நாலைந்தில் அதுவும் ஒன்று. எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒரு குட்டி மோட்டரும், சில பல்லுச் சில்லுகளும், நாங்கள் பென் டோர்ச் பற்றரி என்று சொல்லும் டபிள் ஏ இரண்டும்தான்.

வருஷம் முழுக்க வேர்க்கிற கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவனுக்கு ஹீட்டிங்கைப் பற்றி என்ன கதை என்று கேட்பீர்கள். 2022இல் நாங்கள் பட்டது ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த வருஷ டிசம்பரில்தான் லண்டனில் அக்கா வீட்டுக்குப் போனேன். மெழுகுதிரியை அளந்து கொளுத்திவிட்டுப் போனவன் கண்ணுக்கு, ஆளில்லாத அறைகளில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது பொறுக்கவில்லை. அங்கேயும் காஸும் கரண்டும் விலை ஏறிய காலம் அது. சாதாரணப் பாவனையுள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 2,500 பவுண்ஸ் வரும்படி அரசாங்கம் ஒக்டோபரில் அலகு விலையைக் கட்டி வைத்திருந்தது. கட்டி வைத்த விலையே அவ்வளவு. அத்தான் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு இருந்தார்.

நான் ஏழு வால்வு வாங்கிப் பூட்டினேன். பழைய தலையைக் கையால் திருகிக் கழற்றி, புதியதை அதே புரியில் திருகுவதுதான் வேலை. ஒரு பின்னேரத்தில் முடிந்தது. ஆப்பைத் திறந்ததும் ஈமெயில் கேட்டது. அக்கா சமையலில் நின்றா, அத்தானுக்குத் தன் பாஸ்வேர்ட் எப்போதுமே ஞாபகம் இராது. என்னுடைய ஈமெயிலைக் கொடுத்தேன். மூன்று வருஷக் கரைச்சலுக்கும் அதுதான் விதை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோவேன். வேலை சுத்தமாகச் செய்கிறது. ஆளில்லாத அறை குளிர்ந்து கிடக்கிறது, ஆள் வரும் நேரத்துக்கு முன்னே சூடாகிறது. வெப்பநிலைக் கோடு ஒன்று வரைந்து காட்டும், அதில் எனக்கு ஒரு பைத்தியம். லண்டனில் விடிய ஆறு மணிக்கு, இங்கே பதினொன்றரைக்கு, குசினிக் கோடு மெல்ல ஏறும். ஹீட்டிங் அந்தளவுக்கு ஏற்றாது. அது புட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் பிந்தி ஏறும். போன் எடுக்காமலே அக்கா எழும்பிவிட்டா என்று எனக்குத் தெரியும். இதைப் பெட்டியில் ஒரு வசதியாக அவர்கள் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

இனி பற்றரி.

பெட்டியில் இரண்டு வருஷம் என்று போட்டிருந்தது. முதல் அறிவித்தல் ஐந்தாம் மாதம் வந்தது. இங்கே இரவு, கண் சொருகுகிற நேரம். 'சின்ன அறை: பற்றரி குறைவு.' குளிர் மாதங்களில் அது எப்போதும் பத்தரைக்கே வரும், ஏன் என்று பிறகுதான் விளங்கியது. குளிர்காலத்தில் நாங்கள் லண்டனுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறோம். அங்கே பின்னேரம் ஐந்துக்கு ஏழு வால்வும் ஒன்றாக முறுகத் தொடங்கும். சும்மா இருக்கும்போது பற்றரியிலிருந்து மிகச் சொற்பம்தான் போகும், மோட்டர் சுழலும் சில விநாடிகளில்தான் ஒரேயடியாக இழுக்கும். பழைய பற்றரிக்குள் தடை கூடிவிடும், அந்த இழுவைக்கு வோல்ட் சடாரென்று விழும். நின்றால் நல்ல மனுஷன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்கிற மாதிரி. வால்வு அந்த விழுகையைப் பார்த்துத்தான் கத்துகிறது. கத்துவது அக்காவிடமல்ல, என்னிடம்.

நான் அக்காவுக்கு வட்ஸ்அப் போடுவேன். அக்கா ரயிலில் நிற்பா. அத்தானுக்குப் போடுவேன். "நாளைக்கு மாத்துவம்" என்பார். மறுநாள் பத்தரைக்குத் திரும்பவும் வரும். ஏழு வால்வும் ஒன்றாகச் செத்தால் ஒரு நாள் தொல்லையோடு போகும். அப்படிச் சாகாது. ஒன்று மாற்றி மூன்று கிழமையில் அடுத்தது, அதற்குப் பிறகு இன்னொன்று. எந்த வால்வு, எந்தத் திகதி, என்ன பற்றரி என்று ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கினேன். வெள்ளவத்தையில் கடற்காற்றில் இருந்துகொண்டு லண்டன் வீடொன்றின் பற்றரிக் கணக்கு எழுதுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இடையில் அத்தான் சிக்கனம் பார்த்தார். முதலில் ரீசார்ஜ் பண்ணுகிற பற்றரி. அதன் வோல்ட்டே 1.2. புதிய அல்கலைனுக்கு 1.5க்கு மேல். நிறையச் சார்ஜ் ஏற்றிப் போட்ட அன்றைக்கே 'பற்றரி குறைவு' என்று வால்வு அழுதது. அடுத்ததாக மலிவுக் கடையில் எட்டுப் பற்றரி ஒரு பவுணுக்கு வாங்கி வந்தார், மேலே 'ஹெவி டியூட்டி' என்று பெரிய எழுத்து. இந்த வார்த்தையைப் பார்த்து ஏமாறாதேங்கோ. அது சிங்க் குளோரைட், டோர்ச்சுக்கும் சுவர் மணிக்கூட்டுக்கும் போடுகிற இனம், கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் விற்பதும் அதுதான். மோட்டர் இழுத்தால் தாங்காது. ஆறு கிழமையில் முடிந்தது.

பிறகு ஒரு நாள் பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். வீடியோ கோலில் அக்கா மூடியைக் கழற்றிக் காட்டினா. சுருள் கம்பியைச் சுற்றி வெள்ளையாக, உப்புப் பூத்த சுவர் மாதிரி. பலவீனமான பற்றரியை மற்றது போட்டு உலுக்கினால் அது கசியும். அல்கலைனுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். நகத்தால் சுரண்டாதே என்று கத்தினேன். தேசிக்காய்ப் புளியைப் பஞ்சில் தொட்டு ஒற்றச் சொன்னேன். நுரைத்தது, துடைத்தா, வேலை செய்தது. "அங்கயிருந்து கொண்டு டொக்டர் வேலை பாக்கிறாய்" என்றா.

மேசையில் போட்டுப் பார்க்கிற வித்தையும் சொல்லிக் கொடுத்தேன். புதிய அல்கலைன் தொப்பென்று நிற்கும், பாவித்தது துள்ளும். ஒரு கிழமை அக்கா வீட்டில் எல்லாப் பற்றரியும் துள்ளியது. அரைவாசி தீர்ந்ததும் முற்றாகத் தீர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் துள்ளும் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நல்ல பற்றரி எத்தனையைக் குப்பைக்கு அனுப்பினோமோ.

நியாயத்தையும் சொல்லவேண்டும். சின்ன அறை வால்வு ஐந்து மாதத்தில் சாக அரைவாசிக் காரணம் நான். கெட்டிக்காரத்தனமாக ஒரு நாளைக்கு ஒன்பது தடவை வெப்பநிலை மாறும்படி நேர அட்டவணை போட்டிருந்தேன். 19, 20, 18.5, திரும்ப 19. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மோட்டர் சுழல வேண்டும். மூடும்போது வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வில்லை எதிர்த்துத் தள்ள வேண்டும். அதற்கு மேல் அந்த அறைத் திரைச்சீலை வால்வை மூடிக்கொண்டு தொங்கியது. திரைக்குள்ளே சூடு, அறைக்குள்ளே குளிர், வால்வு திறந்து பூட்டித் திறந்து பூட்டிப் பைத்தியமாகியது. திரையை ஒரு சாண் கத்தரித்து, அட்டவணையை மூன்றாகக் குறைத்த பிறகு ஒரு சோடி அல்கலைன் பதின்மூன்று மாதம் போனது. இரண்டு வருஷம் போகவில்லை. இன்றுவரைக்கும் ஒரு அறையிலும் போகவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் செய்த பெரிய மடத்தனம் 2024 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது.

இரவு அலாரம் தாங்காமல் அதற்கு முந்தின வருஷம் அக்காவிடம் சொன்னேன், இனி லிதியம் டபிள் ஏ வாங்கிப் போடு என்று. ரீசார்ஜ் பண்ணாத வகை, 1.5 வோல்ட், விலை கூட, நீண்ட காலம் நிற்கும். கையேட்டில் 'அல்கலைன் மட்டும்' என்று இருந்தது. கம்பனிக்காரர் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். போட்டதும் அமைதி. மாதக்கணக்காகப் பத்தரைக்கு ஒரு சத்தமும் இல்லை. நான் கொப்பியை மூடி வைத்தேன்.

அம்மா அந்தக் குளிருக்கு லண்டன் போயிருந்தா. படுக்கை சின்ன அறையில். ஒரு நாள் வீடியோவில் பார்த்தால் இரண்டு சுவெட்டர், மேலே அத்தானின் பழைய ஜக்கெட், தலையில் சால்வை. "என்னம்மா இது?" "லண்டன் எண்டால் குளிர்தானே, மோன." நான் ஆப்பைப் பார்த்தேன். சின்ன அறை 19.5, பற்றரி முழுமை. அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அறைக்குள் வாயிலிருந்து ஆவி வந்ததாம். ரேடியேட்டர் பச்சைத் தண்ணியாய்க் கிடந்தது.

லிதியத்தின் குணம் அது. அல்கலைன் மாதிரி வோல்ட் படிப்படியாக இறங்காது, கடைசி நாள் வரைக்கும் நேராக நின்று பிறகு பொத்தென்று விழும். வால்வு வோல்ட்டை வைத்துத்தான் பற்றரியை அளக்கிறது, அதனால் எச்சரிக்கச் சந்தர்ப்பமே வரவில்லை. அட்டவணைப்படி மூடியிருந்த நேரத்தில் செத்திருக்கிறது, செத்த இடத்தில் பல்லுச் சில்லு பிடித்தபடி நின்றுவிட்டது. ஆப்பில் இருந்த 19.5 மூன்று நாள் பழசு. பக்கத்தில், குறுக்கே கோடு போட்ட ஒரு குட்டி மேகப் படம் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கிறது. என் கண்ணுக்கு அதைக் காண மூக்குக் கண்ணாடியை இரண்டாக அடுக்கிப் போடவேண்டும். பற்றரி குறைந்தால் நடு இரவில் எழுப்புகிறவர்களுக்கு, வால்வே செத்துப்போனால் ஒரு வரி அனுப்ப ஏன் மனம் வரவில்லை? இதற்குத்தான் எனக்குக் கோபம்.

வீட்டில் அன்றைக்கு ஒரு பற்றரியும் இல்லை. அக்காவிடம் வால்வைக் கழற்றிப் பார் என்றேன். வளையத்தைத் திருகித் தலையை எடுத்ததும், உள்ளே அமர்ந்திருந்த ஊசி வில்லின் பலத்தில் மேலே வந்தது. பத்து நிமிஷத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ஸ்மார்ட் சாமானைக் கழற்றியதும் அறை சூடானது, இதை என்னவென்று எழுதுவது? அம்மா ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு, "இப்பதான் நல்லாப் பூட்டியிருக்கிறாய் பிள்ளை" என்று அக்காவைப் பாராட்டினா.

அதற்குப் பிறகு திரும்ப அல்கலைன், திரும்பப் பத்தரை மணி அலாரம். இப்போது அது வந்தால் நான் திட்டுவதில்லை. கொப்பியை எடுத்து எழுதுகிறேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிறு, என் போனும் செத்துக் கிடந்தது. அன்றைக்கு லண்டனில் விடிய ஹோல் அறை வால்வு கத்தியிருக்கிறது, எனக்கு இரவுதான் வந்து சேர்ந்தது. அலாரம் கிடைக்காத அந்தப் பகலில்தான் மனம் சரியில்லாமல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வயர் இழுத்துக் கொடுக்கலாமே என்று அங்கிள் கேட்பார். எல்லா ரேடியேட்டர் காலடியிலும் பிளக் இல்லை அங்கிள், அது அவர்கள் பிழையில்லை. ஆனால் ரேடியேட்டரின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடுகிற வால்வுகளும் உலகத்தில் இருக்கின்றன. கொதிக்கிற இரும்பில் தொங்கிக்கொண்டு பற்றரி பற்றரி என்று அழுகிற சாமானைப் பார்க்கும்போது அது ஞாபகம் வந்து வயிறு எரியும்.

ஆக, மகனுக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கோ. சாதாரணத் திருகு வால்வுக்கு ஐந்து இலக்கம் இருக்கிறது, கை இருக்கிறது, போதும். கேட்காமல் வாங்கினால் நல்ல அல்கலைன் ஒரு பெட்டி சேர்த்து வாங்கட்டும், திரைச்சீலையைக் கத்தரிக்கட்டும், ஈமெயில் அவனுடையதாகவே இருக்கட்டும்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அக்கா கோல் எடுத்தா. விலை இறங்கியிருக்கென்று மேல் அறைக்கும் பாத்ரூமுக்கும் இன்னும் இரண்டு ஓடர் பண்ணிவிட்டாவாம்.

"ஆற்ற ஈமெயில் குடுத்தனீ?" என்றேன்.

"உன்ரதான். வேற ஆருக்கு உதெல்லாம் விளங்கும்?"

கொப்பியில் எட்டு, ஒன்பது என்று இரண்டு புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டுவிட்டேன்.