குழாய்ச் சூட்டில் கரண்ட்: வளையும் ஜெல் பட்டை வாங்கலாமா?

மணலி, வியாசர்பாடி பட்டறைகளில் கண்டன்சேட் லைன் (ஸ்டீம் குளிர்ந்த தண்ணீர் போகும் குழாய்), கம்ப்ரசர் அவுட்லெட் என்று 60 டிகிரியில் வீணாகும் சூட்டுக்குக் குறைவில்லை. அதில் சுற்றிக் கட்டும் பத்து ஜோடி தெர்மோசெல் (சூட்டு வித்தியாசத்தைக் கரண்டாக்கும் செல்) பட்டையைப் பற்றியது இது. நேரடி ஸ்டீம் லைனில் மட்டும் கட்டாதீர்கள், ஜெல் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு ஜோடியிலும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) ஜெல்லில் இரண்டு கால்கள். ஒன்றில் பொட்டாசியம் ஃபெர்ரோ, ஃபெர்ரி சயனைடு. மற்றதில் இரும்புக் குளோரைடுகள். முதல் காலில் சூடான முனை எலக்ட்ரானைக் கொடுக்கும், குளிர்ந்த முனை வாங்கும். உப்பு தீராது, சூட்டு வித்தியாசம் இருக்கும்வரை ஓடும். இரண்டாவது கால் எதிர்த்திசையில் வேலை செய்வதால் ஜோடிக்கு டிகிரிக்குச் சுமார் 2.2 மில்லிவோல்ட். சூட்டிலிருந்து கரண்ட் எடுக்க வழக்கமாகப் பயன்படும் பிஸ்மத் டெல்லுரைடின் ஒரு கால் தருவது 0.2 தான். 20 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் பட்டைக்கு 440 மில்லிவோல்ட்.

கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஜெல்லின் கனம் 2 மி.மீ. குழாய் 60, பட்டறைக் காற்று 35 என்று வையுங்கள். அசையாத காற்று சூட்டை வாங்கிக்கொள்ளத் திணறும். இந்த 25 டிகிரி வித்தியாசத்தில் ஜெல்லுக்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு டிகிரி. அதாவது வெறும் 22 மில்லிவோல்ட். வெளிப்பக்கம் அலுமினிய ஃபின் (சூட்டைக் காற்றில் விடும் தகடுகள்) ஒட்டினால் நான்கு டிகிரி, மதியம் கடல்காற்று ஏறினால் இன்னும் கொஞ்சம். கூலிங் தண்ணீர் லைனோடு வெளிப்பக்கத்தை அணைத்துக் கட்டினால்தான் 15 டிகிரியைத் தாண்டும். கத்திரி வெயிலில் காற்றே 40 ஆகிவிட்டால் தண்ணீர் இல்லாமல் பேச்சே இல்லை.

கட்டும்போது துருவை எமரி பேப்பரால் தேய்த்து, தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசுங்கள். கேபிள் டையை இறுக்கிப் பிழியக் கூடாது. ஜெல் நசுங்கினால் கனம் குறையும், வித்தியாசமும் குறையும்; இருபக்க எலக்ட்ரோடுகள் (கரண்ட் எடுக்கும் முனைகள்) தொட்டுக்கொண்டால் அந்த ஜோடி ஷார்ட்.

பழுது பெரும்பாலும் சீலில்தான். ஓரத்தில் முதல் காலின் மஞ்சள் ஜெல் கசிந்து பக்கத்துக் காலையோ துருவையோ தொட்டால், பேனா மை கொட்டியது போல அடர்நீலக் கறை படியும். அது பிரஷ்யன் நீலம். அந்த இடத்து உப்பு போச்சு. பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் இருப்பதால் ஒரு ஜோடி நொண்டினாலும் முழுப் பட்டையும் நொண்டும்; ஜோடி ஜோடியாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கறை இல்லாமலே கரண்ட் குறைந்தால் பட்டையைக் கழற்றி நகைத் தராசில் வையுங்கள். எடை குறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகிவிட்டது.

பல்பு எரியாது. வயர்லெஸ் வெப்பநிலை சென்சாருக்கு, பூஸ்ட் கன்வெர்ட்டரும் (வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட்) கெப்பாசிட்டரும் வைத்தால், விட்டுவிட்டு அனுப்பப் போதும். கூலிங் லைன் பக்கத்தில் உள்ளவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்குப் பேட்டரியே மலிவு.

பிளேட்டிங், பிக்ளிங் பட்டறைகளில் இது வேண்டவே வேண்டாம். ஜெல்லில் உள்ள சயனைடு உப்பில் சூடான ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், உயிருக்கே ஆபத்து. பழைய பட்டையைப் பக்கிங்காம் கால்வாயிலும் வீசாதீர்கள். பையில் கட்டி, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.