450 வெள்ளியும் ‘பருப்பு போடி’யும்

சிங்கப்பூரில், ஈசூனில் என் வீட்டுச் சமையலறையில் பொடி அரைத்து விற்கிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, தீபாவளி நெருங்கினால் முறுக்கும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இப்படிச் சின்னதாகத் தொழில் செய்ய அனுமதி இருக்கிறது. ஆனால் வாசலில் பலகை மாட்டக்கூடாது. அதனால் என் கடைப் பலகை இணையத்தளம்தான். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் தளத்தை அமைத்துக் கொடுத்தாள். ஆனால் யாரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கூடக் கதவைத் தட்டித்தான் வாங்குகிறார்.

அப்போதுதான் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். மாதம் 450 வெள்ளி, மூன்று மாத ஒப்பந்தம். மாதத்துக்குப் பன்னிரண்டு பதிவு, நான்கு ரீல்ஸ், விளம்பரச் செலவும் அதற்குள் அடக்கம். “ஆள் வந்து குவிவாங்க ஆன்ட்டி” என்றார் பேச வந்த தம்பி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்க வந்த பெண் கெட்டிக்காரி. என் பழைய பித்தளைக் கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்து அவள் எடுத்த இட்லிப் பொடிப் படம்தான் இன்றும் தளத்தின் முகப்பில் இருக்கிறது. அதற்கு முழு மதிப்பெண்.

தமிழ்தான் சறுக்கியது. இரண்டாவது வாரம் ஒரு பதிவு வந்தது. பெரிய மஞ்சள் எழுத்தில் ‘பருப்பு போடி’! என் நாத்தனார் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “யாரைப் போடிங்கறீங்க அண்ணி?” என்று கேட்டுவிட்டார். திருத்தச் சொன்னேன், நான்கு நாள் ஆயிற்று. தமிழருக்கு விற்க, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அந்த அலுவலகத்தில் இல்லை.

மாத முடிவில் பளபளவென்று ஓர் அறிக்கை அனுப்புவார்கள். ‘41,000 பேரைச் சென்றடைந்தது’, ‘1,900 லைக்’ என்று இருக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆர்டர் பெட்டி காலி. தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்குக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸை மகள் திறந்து காட்டினாள். மூன்று மாதத்தில் சமூக ஊடகங்கள் வழியாகத் தளத்துக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் சிங்கப்பூரில் இருந்து 190 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து வந்தவர்கள், சராசரியாக மூன்று வினாடி இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அங்கே பொடி அனுப்புவதே இல்லை! விளம்பரத்தைச் சிங்கப்பூருக்குள் நிறுத்தாமல் ‘தமிழ்’ என்று பொதுவாக விட்டிருக்கிறார்கள். லைக் மலிவாகக் கிடைக்கும், அறிக்கையும் கொழுக்கும். வந்த ஆர்டர் ஏழு. அதில் நான்கு என் சொந்தக்காரர்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. இன்ஸ்டகிராமில் படத்துக்குக் கீழே தள முகவரியை எழுதினால் அதைத் தொட்டு உள்ளே போக முடியாது. அது வெறும் எழுத்துதான். காசு கொடுத்துப் போடும் விளம்பரம் இல்லாமல் சாதாரணப் பதிவென்றால், சுயவிவரத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவோ, ஸ்டோரியில் ஒட்டும் இணைப்பு ஸ்டிக்கர் வழியாகவோதான் ஆள் வர முடியும். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் முப்பத்தாறு பதிவிலும் முகவரியைப் படத்துக்குக் கீழே மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். சுயவிவரத்தில் இணைப்பே இல்லை.

சரி, என் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். தள முகப்பில் ஒரு படம் 6 எம்பி இருந்தது. திறப்பதற்குள் யாருக்கும் பொறுமை போய்விடும்.

ஒப்பந்தம் முடிந்து விலகும்போதுதான் பெரிய தலைவலி. ஃபேஸ்புக் பக்கத்தை அவர்கள் கணக்கிலேயே தொடங்கியிருக்கிறார்கள். என் கடைக்கு நான் அட்மின் இல்லை. மின்னஞ்சல், போன், மறுபடி மின்னஞ்சல் என்று பதினாறு நாள் அலைந்துதான் கைக்கு வந்தது. இப்படி யாரையாவது அமர்த்துவதாக இருந்தால், பக்கத்தை உங்கள் கணக்கில் தொடங்கி, அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையை மட்டும் கொடுங்கள்.

இப்போது நானே செய்கிறேன். மிளகாய் வறுக்கும்போது மகள் தும்மிக்கொண்டே எடுத்த நாற்பது வினாடி வீடியோ ஒன்று. ‘சிங்கப்பூருக்குள் மட்டும்’ என்று வைத்து 30 வெள்ளி விளம்பரம். ஒவ்வோர் இணைப்புக்கும் பின்னால் யூடிஎம் என்று ஒரு வாலை மகள் ஒட்டிவிடுகிறாள். யார் எந்த வழியாக வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸில் தெரிந்துவிடும். அந்த வீடியோ வழியாக வந்தவர்கள் 212 பேர், ஆர்டர் 19. அடுத்து எடுத்த முறுக்கு வீடியோவை நாய்கூடச் சீண்டவில்லை, ஏனென்று இன்னும் புரியவில்லை. இரண்டையும்விட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் இணைப்புக்குத்தான் ஆர்டர் அதிகம். அதற்குக் காசே இல்லை.

அந்த நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டுமே படம் எடுத்த பெண்ணுக்கு. அவள் தனியாகத் தொழில் தொடங்கினால் முதல் ஆளாகக் கூப்பிடுவேன், பித்தளைக் கிண்ணம் இன்னும் இரண்டு பரணில் கிடக்கிறது.