பழைய எஃப்டி2232 டிரைவருக்கு ஒட்டுப்போடுவதா, புதியதற்கு மாறுவதா?

ஓபன்ஓசிடி என்பது போர்டிலுள்ள சில்லுக்குள் நிரலை ஏற்றவும் பிழை தேடவும் ஜேடேக் என்ற இணைப்பு வழியாகப் பேசும் திறமூல மென்பொருள். கணினியின் யுஎஸ்பியை அந்த இணைப்பாக மாற்றும் அடாப்டர்களில் இருக்கும் எஃப்டிடிஐ நிறுவனச் சில்லுகளுக்கு அதில் ஒரு காலத்தில் இரண்டு டிரைவர்கள் அருகருகே இருந்தன. ஒன்று, ஒட்டுப்போட்டே வளர்ந்த எஃப்டி2232. மற்றது, எஃப்டிடிஐ என்ற பெயரிலேயே அடியோடு புதிதாக எழுதப்பட்டது. என் போர்டுக்காகப் பழையதில் ஒரு பேட்ச் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் மாறிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. எஃப்டி2232ஹெச் சில்லு 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். என் கேபிள் 10-ஐத் தாண்டியதில்லை.

விஷயம் பராமரிப்பில்தான் இருக்கிறது. சில்லின் முதல் நான்கு தரவுக் கால்கள் மாறாதவை, ஜேடேக்கின் நான்கு சிக்னல்களுக்கானவை: டிசிகே, டிடிஐ, டிடிஓ, டிஎம்எஸ். ரீசெட்டை எந்தக் கால் இழுக்க வேண்டும், பஃபரை எது திறக்க வேண்டும், எல்இடி எங்கே என்பதெல்லாம் போர்டு செய்தவர் இஷ்டம். பழைய டிரைவர் அத்தனை பேர் இஷ்டத்தையும் சி நிரலுக்குள் வாங்கிக்கொண்டது. புது அடாப்டர் வந்தால் தொடக்கத்துக்கு ஒரு ஃபங்ஷன், ரீசெட்டுக்கு ஒன்று, அட்டவணையில் ஒரு வரி. பக்கத்து ஃபங்ஷனை நகலெடுத்து இரண்டு எண்களை மாற்றுவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.

புதியதில் இவையெல்லாம் கான்ஃபிக் கோப்புக்கு வந்துவிட்டன. 0403, 6010 என்று யுஎஸ்பி அடையாள எண்கள், கால்களின் தொடக்க நிலை, எந்த சிக்னல் எந்தக் காலில் என்று சில வரிகள். என் இரண்டாவது போர்டில் ரீசெட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்ததில் சிக்னல் தலைகீழானது. பழைய டிரைவராக இருந்தால் சி நிரலைத் திருத்தி, கம்பைல் செய்து, கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் பைனரி கொடுத்திருக்க வேண்டும். இங்கே கான்ஃபிக் கோப்பின் சிக்னல் வரியில் 'டேட்டா' என்ற சொல்லின் முன்னால் ஓர் 'என்' சேர்த்தேன், முடிந்தது.

பழையதற்கும் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சொந்த லைப்ரரியோடே அது ஓடியது. புதியது லிப்யுஎஸ்பி என்ற பொது லைப்ரரியை நம்புவதால், அடாப்டரின் விண்டோஸ் டிரைவரை ஸாடிக் என்ற கருவி வைத்து வின்யுஎஸ்பிக்கு மாற்ற வேண்டும். அட்மின் அனுமதி இல்லாத அலுவலகக் கணினியில் இது பெரிய தலைவலி. ஆனால் எஃப்டிடிஐ லைப்ரரியின் உரிமம் ஓபன்ஓசிடியின் திறமூல உரிமமான ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. அதோடு இணைத்த பைனரியை யாருக்கும் கொடுக்க முடியாது, அவரவர் கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எஃப்டிடிஐ அல்லாத, ஜே-லிங்க் என்ற வேறு அடாப்டரின் டிரைவரை ஓபன்ஓசிடி 0.10 வெளியீட்டில் லிப்ஜேலிங்க் என்ற தனி லைப்ரரியின் மேல் மாற்றி எழுதினார்கள். அந்த அடாப்டரை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி, அதனால் அதற்கு மதிப்பெண் போட மாட்டேன். ஜேடேக்குக்கு மாற்றான எஸ்டபிள்யுடி இணைப்பும் அப்படித்தான், நான் பார்த்ததெல்லாம் ஜேடேக் மட்டும்.

மாறுவதற்கு ஒரு பிற்பகல் ஆனது. அதில் பாதி நேரம் மல்டிமீட்டரோடு, நானே வரைந்த போர்டில் ரீசெட் எந்தக் காலுக்குப் போகிறது என்று தேடியதில் போனது.