வீட்டுக்கு வந்து புண் கட்டும் நர்ஸ் சேவை: நான்கு மாத அனுபவம்

ஆடி மாதம் அப்பாயி கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டிவந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. மூன்று வாரம் மல்லாந்தே கிடந்ததில் இடுப்புக்குப் பின்னால், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் படுக்கைப் புண். முதலில் வந்து கட்டுப் போட்டவர் பழைய பஞ்சைப் பிய்த்து எடுப்பார், ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரைக்க விடுவார், பவுடரைத் தூவி பிளாஸ்டர் ஒட்டிவிட்டுக் கிளம்புவார். ஐந்து நிமிஷம். புண்ணை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வாடை தாங்காமல் போனதும்தான் மன்னார்குடியிலிருந்து வரும் இந்த வீட்டு நர்சிங் சேவையைக் கூப்பிட்டோம்.

முதல் நாள் வந்த சிஸ்டர் முக்கால் மணி நேரம் இருந்தார். பழைய கட்டை சலைனில் ஊறவைத்து மெதுவாக எடுத்து, கழுவி முடித்த பிறகுதான் வாடையைக் கவனித்தார். பழைய கட்டிலேயே வாடை இருக்கும், அதை வைத்துச் சீழ் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாதாம். அப்புறம் பேப்பர் ஸ்கேலை எடுத்தார். தலைப் பக்கத்தைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு நீளம் 5 செ.மீ., அகலம் 4 செ.மீ. என்று எழுதினார். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தபோது 2 மணி திசையில் தோலுக்கு அடியில் குச்சி ஒரு செ.மீ. உள்ளே போனது. வெளியே பார்த்தால் தெரியாத பொந்து அது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன், கை நடுங்கிவிட்டது.

அடிப்பகுதியின் நிறத்தையும் பங்கு பிரித்து எழுதினார்: சிவப்பு என்றால் புதுச் சதை, மஞ்சள் என்றால் செத்த திசு, கறுப்பு என்றால் காய்ந்து இறுகியது. அப்பாயிக்கு முக்கால்வாசி மஞ்சள் மூடியிருந்ததால், அடி தெரியாமல் இது எந்த நிலை (புண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கான கணக்கு) என்று சொல்ல முடியாது, டாக்டர்தான் அதை எடுக்க வேண்டும் என்று அன்றே அனுப்பிவிட்டார். எடுத்த பிறகு உள்ளே கொழுப்பு தெரிந்தது, எலும்போ தசையோ தெரியவில்லை. அதனால் மூன்றாம் நிலை. சுற்றியிருந்த தோல் நாள் முழுக்க நடவு வயலில் நின்றவர் பாதம் மாதிரி வெளுத்து ஊறியிருந்தது. கட்டு நீரை உறிஞ்சவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று மருந்துப் பட்டையையே மாற்றினார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது குதிகால்தான். யாரும் புகார் சொல்லாத இடம். "பாட்டி, இங்க அழுத்துனா வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு குதிகாலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். நம் மாதிரி கறுத்த தோலில் முதல் நிலைச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சூடும் இறுக்கமும் கையில்தான் தெரியும் என்றார். இடது குதிகால் சுட்டது, கெட்டியாக இருந்தது. அதைத் தேய்த்துவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடச் சொன்னார். அங்கே புண் வரவே இல்லை.

நடுவில் ஒருநாள் அப்பாயியைத் தூக்கும்போது என் வளையல் பட்டு முன்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துவிட்டது. போன் போட்டேன். "வெட்டாதீங்க அக்கா, அந்தத் தோல்தான் நமக்கு வேணும்," என்றார். ஈரப் பஞ்சால் உருட்டி அதே இடத்தில் படியவைத்தோம். மறுநாள் சிலிகான் பட்டை ஒட்டி, எந்தப் பக்கமிருந்து உரிக்க வேண்டும் என்று பட்டையின் மேலேயே அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். அந்தச் சின்ன அம்புக்குறிக்கே நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சித்தப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கட்டைவிரலுக்கு அடியில் புண், "வலியே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டு வயலுக்குப் போய்வந்தார். சிஸ்டர் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பாதி இடங்களில் சித்தப்பா வாயே திறக்கவில்லை. பாதத்தின் மேல் நாடி பார்த்துவிட்டு, வலிக்காததுதான் ஆபத்து என்று அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னார்.

குறைகளும் உண்டு. ஒன்பது மணி என்றால் பதினொன்றுக்கு வருவார்கள். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் வேறொரு நர்ஸை அனுப்பினார்கள், அவர் அளக்கவே இல்லை, நோட்டில் அந்த இரண்டு வாரமும் வெற்றிடம். நான் போன் செய்து சண்டை போட்ட பிறகுதான் பழைய சிஸ்டர் வந்தார். ஒரு தடவைக்கு 450 ரூபாய், மருந்துப் பட்டைகளுக்குத் தனி பில். பட்டியல் கேட்டு வாங்கி மெடிக்கலில் நாமே வாங்கினால் குறைகிறது, அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மார்கழி பிறந்தபோது புண் 2 செ.மீ. நீளம், ஒன்றரை அகலம், நல்ல சிவப்பு. "அப்போ ரெண்டாம் நிலையா சிஸ்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை, போன கொழுப்பு திரும்ப வராது, தழும்புச் சதைதான் நிரம்புகிறது, அதனால் 'ஆறிவரும் மூன்றாம் நிலை' என்றுதான் எழுதுவோம் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைப்பதை இன்னும் விடவில்லை, தினம் முட்டையும் பருப்பும் போகிறது.

கூப்பிடுவதாக இருந்தால் காலை எட்டுக்கு முன்னால் கூப்பிடுங்கள், ஒரே நர்ஸ்தான் வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அளவு எழுதும் நோட்டை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.